அடிபட்ட பிள்ளைக்கு ஓர் ஆள் வேண்டும்: கல்லூரி விளையாட்டுப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் போலிடெக்னிக்குகளிலும் விளையாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும், குழுப் பயிற்றுநர்களுக்கும், மாணவர் விவகாரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. உடற்கல்வியும் எடுக்கிறேன், மாலையில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன். இந்த மடலின் மலாய்ப் பிரதியை உங்களில் சிலருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் வேறு. உங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சிலர் எங்களைப் போலத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான்.

தீபாவளிக்கு மறுநாள் என் பழைய மாணவி ஒருத்தி முறுக்கு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். வாசல்படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம்தான் அடுத்த படி. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் ஏறினேன். மார்ச்சில் கல்லூரிப் பயிற்சியில் அவளுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது, மே மாதம் அறுவை சிகிச்சை ஆனது. இதெல்லாம் அவள் அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல டீச்சர்."

"கோச் என்ன சொல்றாரு?"

"தெரியாது டீச்சர். நான் இப்ப குரூப்ல இல்ல."

குழுவை விட்டு விலகிவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். வாட்ஸ்அப் குழு. ஜூலையில் ஒரு போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் முடிவானபோது, ஆடாதவர்களை எல்லாம் நீக்கியிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பட்டியலைச் சரி பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பயிற்சி நேரம், பஸ் புறப்படும் நேரம், யாருக்குப் பிறந்தநாள், யார் காலுறையைத் தொலைத்தாள், எல்லாமே அந்தக் குழுவில்தான். இரண்டு வருடமாக அவளுடைய ஊர் அதுதான். அடிபட்ட நாளிலிருந்து ஜூலை வரை கல்லூரியிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். ஒருமுறை கூப்பிட்டார்களாம், இன்சூரன்ஸ் பாரத்தில் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று.

அதற்கப்புறம், என்னிடம் வலைப்பந்தும் காற்பந்தும் பழகிக் கல்லூரிக்குப் போய் அடிபட்ட இன்னும் ஐந்தாறு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினேன். கணுக்கால், தோள்பட்டை, பின்தொடைத் தசை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உன்னை நல்லாப் பார்த்துக்கிட்டாங்களா?" எந்திரம் இல்லை, மருந்து இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யார்கிட்ட கேக்கணும்னே தெரியல டீச்சர்" என்றான். இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

என் கதையையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு கல்லூரிக்காக ஆடியவள். கோல் டிஃபென்ஸ், எதிரணி கோல் போடாமல் தடுக்கும் இடம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்த பிறகு ஓடக் கூடாது. ஓடிவந்த வேகத்தில் எகிறிப் பிடித்து, இறங்கின இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த நிற்பதில்தான் முட்டி போகும். யாரும் இடிக்க வேண்டாம், தள்ள வேண்டாம். முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு பெரும்பாலும் இப்படி யாரும் தொடாமலே கிழிவதுதான். ஒரே ஆட்டத்தை ஆணும் பெண்ணும் ஆடினால் பெண்ணுக்கு அது கிழியும் வாய்ப்பு அதிகம். எனக்கு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெயில் காலத்தில் ரப்பர் கொட்டை மரத்திலேயே வெடிக்குமே, அது மாதிரி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

எங்கள் கல்லூரியில் 'சிகிச்சை அறை' என்று ஒன்று இருந்தது. ஸ்டோருக்குப் பின்னால், பந்து வலைகளுக்கும் பழைய பேனர்களுக்கும் நடுவில், ரெக்சின் கிழிந்த ஒரு கட்டில், ஓர் ஐஸ் பெட்டி. ஐஸ் கேண்டீனிலிருந்து வரும். பிளாஸ்டிக் பையில் போட்டுச் சிவப்பு ரப்பர் பேண்டால் கட்டியிருப்பார்கள். முட்டியில் வைத்தால் ரோஸ் சிராப் வாசம் அடிக்கும். அறைக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் பந்துக்குக் காற்றடிப்பார், பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டுவார், கோலில் வலை மாட்டுவார். தங்கமான மனிதர். அவரால் எனக்குச் செய்ய முடிந்தது ஐஸ், எண்ணெய், "ரெஸ்ட் எடு" என்ற ஒரு வார்த்தை. காற்பந்துப் பையன்கள் வந்துவிட்டால் கட்டில் அவர்களுக்கு, நான் நாற்காலிக்கு மாறிவிடுவேன். அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற நாலு கட்டளையை 1978இல் எழுதி உலகம் முழுக்கப் பரவ விட்டவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே மாற்றிச் சொல்லிவிட்டார். வலி குறைய ஐஸ் வைக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஐஸோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற அறைகள் இன்னமும் இருக்கின்றன. என் மாணவி சொன்ன அறையிலும் அதே ஐஸ் பெட்டிதான். கட்டில் மட்டும் புதுசாம்.

எங்கள் பயிற்றுநருக்கு என்மேல் அக்கறை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அடிபட்ட அன்றைக்குத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான். ஆனால் அப்புறம் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "எப்போ ஆடலாம்?" எனக்குப் பதில் தெரியாது. தெரியாத கேள்வியை வாரத்துக்கு மூன்று தடவை கேட்டால் என்ன ஆகும்? அவர் வருகிற பாதையை விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். அவர் நான் வருவதில்லை என்று நினைத்தார், நான் அவர் கேட்பதில்லை என்று நினைத்தேன். அப்படியே ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது.

என்னை முதன்முதலில் வேறு ஒரு கேள்வி கேட்டது அரசாங்க மருத்துவமனையில் ஒரு மலாய் பிசியோ, பயிற்சி கொடுத்து மூட்டையும் தசையையும் சரிசெய்கிறவர். முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், கோணத்தை அளந்து எழுதினார். எழுதிக்கொண்டே, "பிலிக் திங்காட் பெராப்பா, டிக்?" என்றார். தங்கும் அறை எத்தனையாவது மாடி என்று. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏழு வாரமாக நான் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பயிற்றுநருக்கும் தெரியாது, வார்டனுக்கும் தெரியாது, ஐஸ் வைத்தவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மாடி ஏறுவதெல்லாம் ஒரு புகாரா என்று இருந்துவிட்டேன். அவர் அங்கேயே விடுதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் கிடைத்த வைத்தியத்தில் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்தக் கடிதம்தான்.

ஆனால் அவரிடம் எனக்குக் கிடைத்தது மாதத்துக்கு ஒரு அரை மணி நேரம். வெளியே பெஞ்சில் பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்த பாட்டிகள், மோட்டார் விபத்தில் அடிபட்ட பையன்கள் காத்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி எனக்கு மட்டும் எப்படி நேரம் கேட்பது? மிச்ச இருபத்தொன்பது நாளும் நானும் என் முட்டியும்தான். செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா பழைய மோட்டார் சைக்கிள் டியூபை நீளமாக நறுக்கி வீட்டு முன்நடைத் தூணில் கட்டிக் கொடுத்தார். பிசியோ அறையில் பார்த்த ரப்பர் பட்டைக்குப் பதில் அது. அம்மாவின் தையல் டேப்பால் முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் இரண்டு தொடையையும் சுற்றி அளப்போம். நல்ல காலைவிட அடிபட்ட கால் நாலு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. பயிற்சியைத் தினமும் செய்தேன் என்று பிசியோவிடம் பொய் சொல்லிய நாட்கள் உண்டு. அவர் தொடையைப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பார். தொடை காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சம்பந்தம் இருக்கிறது.

அதே வருடம் அப்பாவுக்கும் அடி. செம்பனைக் குலை வெட்டும்போது குலை தோளில் விழுந்தது. பறித்த குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேலேயும் இருக்கும், உடம்பெல்லாம் முள். ஒரே வீட்டில் கையைத் தூக்க முடியாத ஒருவர், காலை மடக்க முடியாத ஒருத்தி. அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டையும் சேர்த்தா ஒரு முழு ஆள் வரும்" என்பார். தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் அப்பாவுக்குப் பதிவு இருந்தது. அடிபட்ட தொழிலாளியை மறுபடி வேலையில் சேர்த்துவிட 2007இலிருந்து அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு தொழிலாளிக்கு ஒரு பொறுப்பாளர் என்று வைத்து, மருத்துவரிடமும் முதலாளியிடமும் பேசி, திரும்பி வேலைக்குப் போகும் வரை பார்த்துக்கொள்கிறார்கள். அப்பாவின் பொறுப்பாளர் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவார். தோள் எவ்வளவு உயர்கிறது, சட்டை போட முடிகிறதா, தோட்டத்தில் லேசான வேலை கொடுப்பார்களா, நான் மேனேஜரிடம் பேசட்டுமா. அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், பெருமைக்கு. நான் பக்கத்தில் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

கல்லூரிக் கொடிக்காக ஓடி அடிபட்டவளுக்கு அப்படி ஒரு போன் வரவில்லை. மாணவி தொழிலாளி இல்லை, சட்டப்படி அது சரிதான். ஆனால் குலை வெட்டுகிறவரின் தோளுக்கு ஓர் ஆளை வைக்கலாம் என்று ஒரு நாட்டுக்குத் தோன்றியிருக்கும்போது, அதே யோசனை ஒரு கல்லூரி விளையாட்டுப் பிரிவுக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கே நினைத்தேன். இன்னமும் நினைக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே 'அத்லெட்டிக் டிரெய்னர்' என்று ஒரு தொழில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஓட்டம் பழக்குபவர் என்று நினைக்க வேண்டாம். அவர் காயத்துக்கு உரிய ஆள். களத்தோரத்தில் நிற்பார், அடிபட்டால் முதலில் ஓடி வருவார், மருத்துவரிடம் அனுப்புவார், அறுவை ஆன பிறகு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பார். 1950இல் அவர்களுக்குத் தேசியச் சங்கம் ஏற்பட்டது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் சுகாதாரத் துறைத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. பணக்கார நாடு, பணம் கொழிக்கும் கல்லூரி விளையாட்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் செய்த வேறு ஒரு காரியம்தான் எனக்குப் பிடித்தது: அடிபட்ட மாணவர்களிடமே போய், உனக்குத் திருப்தியா என்று கேட்டிருக்கிறார்கள். தலைமைப் பயிற்றுநர், துணைப் பயிற்றுநர், டிரெய்னர், இந்த மூவரில் அடிபட்டு மீளும் காலத்தில் யார் கொடுத்த ஆதரவு நிறைவாக இருந்தது என்று 2001இல் ராபின்ஸ், ரோசன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர்கள் கேட்டபோது, டிரெய்னர் என்று பதில் வந்தது. அடிபட்ட பிறகு மாணவர்கள் பயிற்றுநரையும் டிரெய்னரையும் மருத்துவரையும் முன்னைவிட அதிகமாக நாடுகிறார்கள் என்று 2010இல் யாங் என்பவரின் குழு கண்டது. அதே யாங் குழு 2014இல் இன்னொன்றும் சொன்னது. டிரெய்னரின் ஆதரவில் திருப்தியாக இருந்தவர்களுக்கு, களத்துக்குத் திரும்பும் நேரத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன, திருப்தி இல்லாதவர்களுக்கு அதிகமாக இருந்தன.

'ஆதரவு' என்றால் அந்த ஆய்வுகளில் முதுகில் தட்டிக் கொடுப்பது மட்டும் இல்லை. காது கொடுத்துக் கேட்பது, செய்த முயற்சியைத் தெரிந்தவர் பாராட்டுவது, இன்னும் கொஞ்சம் முடியும் என்று தூண்டுவது எல்லாம் அதில் அடக்கம். எத்தனையாவது மாடி என்று கேட்டதும் அதில் வரும் என்று நினைக்கிறேன்.

இது நமக்குப் புதுசும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரை உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தோட்ட மருத்துவ உதவியாளர் என்பது அரசாங்கப் பெயர், 1965இல் அவர்களைப் பதிவு செய்யச் சட்டமே வந்தது. அப்பா சொல்வார்: ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோட்டங்களுக்கு இடையே காற்பந்து நடந்தால் டிரசர் பையோடு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, முந்தின நாள் கால் பிசகியவனைக் கூப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார். வீங்கியிருந்தால் அன்றைக்கு மேட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர் சொன்னால் கங்காணி மறுத்துப் பேச மாட்டார். எல்லாத் தோட்டத்திலும் இப்படி நடந்தது என்று நான் கதை விட மாட்டேன். துரைக்கு நல்ல பிள்ளையாக இருந்து, காய்ச்சல்காரனையும் வேலைக்கு விரட்டிய டிரசர்களும் உண்டு. ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் யாரும் இல்லை. டிரசர் வீடு எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பக்கத்து ஊரான கோலக்கங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கியவர். 'பறக்கும் டாக்டர்' என்று பெயர். அதே போட்டியில் 400 மீட்டரில் எம். ராஜமணியும் தங்கம் வாங்கினார். திடல்தடப் பயிற்சியில் என் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயரையும் நான் சொல்லாத வாரம் இல்லை. ஓடத் தெரிந்தவரும் உடம்பைத் தெரிந்தவரும் டாக்டர் ஜெகதீசனிடம் ஒரே ஆளாக இருந்தார்கள். உங்களிடம் நான் கேட்பது இரண்டு தனித்தனி ஆளாகத்தான்.

உங்களுக்குத் தெரியாமல் போகக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அடிபட்டதை மறைக்கிறார்கள். ஏன் மறைக்கிறார்கள்? அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஐந்தாம் படிவத்திலிருந்தே அந்தப் பத்துக்காக ஓடிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். உள்ளே போன பிறகும் பல இடங்களில் விடுதி அறை கிடைப்பது நடவடிக்கைப் புள்ளியைப் பார்த்துத்தான். அடுத்த வருடம் அறை போய்விட்டால் வெளியே வாடகை, மோட்டார், பெட்ரோல், சாப்பாடு. ஈப்போவில் வீடு உள்ள பிள்ளைக்கு அது ஒரு தொந்தரவு. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பே நின்றுபோகும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் பயிற்றுநர் வந்து "முடியுமா?" என்று கேட்டால் "முடியும் சார்" என்றுதான் பதில் வரும். நான் சொல்லியிருக்கிறேன். ஒரு கால்மேல் நிற்க முடியாத நாளில் சொல்லியிருக்கிறேன்.

அதனால் திரும்பி ஆடலாமா என்ற முடிவைப் பயிற்றுநர் கையிலும் விடாதீர்கள், பிள்ளை கையிலும் விடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. இதற்கு விதியே வைத்திருக்கிறது: அடிபட்டவர் எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவரும் டிரெய்னரும் முடிவு செய்வார்கள், பயிற்றுநர் அதை மாற்ற முடியாது. பயிற்றுநர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்து வைத்த விதி இல்லை. சனிக்கிழமை போட்டியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை நியாயமாக யோசிப்பது யாருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். மாவட்டப் போட்டிக்கு முதல் நாள் கணுக்கால் வீங்கிய ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, கட்டுப் போட்டால் ஆடுவாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தவள் நான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2016இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஏ.சி.எல். அறுவை செய்துகொண்ட 106 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒன்பதாவது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டியில் அடிபடும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. தொடையின் முன்தசை இரண்டு காலிலும் சமமாக வலுப்பெற்றிருந்தவர்களுக்கு இன்னும் நல்லது. என் அம்மாவின் தையல் டேப் அப்படி ஒன்றும் மட்டமில்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது. நான் ஆறாவது மாதத்திலேயே இறங்கிவிட்டேன். இரண்டாவது தடவை முட்டி போனது. அதற்குப் பிறகு நான் ஆடவில்லை.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்?

ஓர் ஆளை வையுங்கள். பதிவு பெற்ற பிசியோவாக இருக்கட்டும். 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், 774ஆம் எண் சட்டம், பிசியோக்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. 'ஸ்போர்ட்ஸ் மசாஜ்' என்று பலகை மாட்டியவர் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கல்லூரிக்கு முழுநேர ஆள் கட்டாது என்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நாலு கல்லூரிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. அவருடைய கைப்பேசி எண் விளையாடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே தெரிய வேண்டும். டிரசர் வீடு தெரிந்த மாதிரி.

பணம் இல்லை என்பீர்கள். இருக்கலாம், உங்கள் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் புது ஜெர்சி வருகிறது, விருது விருந்து ஹோட்டலில் நடக்கிறது, போன வருடத்துக் கோப்பையைவிட இந்த வருடத்துக் கோப்பை ஒரு சாண் உயரமாக இருக்கிறது. அதுவும் முடியாது என்றால், காசு செலவே இல்லாததைச் செய்யுங்கள்: விளையாட்டுப் பிரிவு அலுவலர் ஒருவருக்கு அடிபட்டவர்களின் பட்டியலைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை போன் செய்யச் சொல்லுங்கள். வைத்தியம் சொல்ல வேண்டாம். எந்த மாடியில் இருக்கிறாய், அடுத்த அப்பாயின்மெண்ட் எப்போது, எப்படிப் போகப் போகிறாய், எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தும் விரிவுரைக்கு வரவில்லை என்று போடுகிறார்களா என்று கேட்டால் போதும். அடிபட்டவர் அடிபட்டதற்காகவே அடுத்த வருடம் விடுதி அறையை இழக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுவதற்கும் காகிதச் செலவுதான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்காமல் இருப்பதற்கு அதுகூட வேண்டாம்.

அப்புறம், கேளுங்கள். உங்கள் ஆண்டறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். தங்கம் எத்தனை, வெள்ளி எத்தனை, எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம், எல்லாம் வண்ணத்தில் இருக்கும். எத்தனை பேருக்கு அடிபட்டது, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் சொல்லாமலே விட்டுப் போனார்கள் என்ற பக்கம் இல்லை. மெஸ் சாப்பாடு திருப்தியா என்று வருடா வருடம் பாரம் கொடுக்கிறீர்கள். அடிபட்டவர்களுக்கும் ஒரு பாரம் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாத பாரமாக. கட்டில் யாருக்கு முதலில் கிடைத்தது என்ற கேள்வியையும் அதில் சேருங்கள். பெண் பிள்ளைகளும், கபடி, சிலம்பம் போலக் கூட்டம் சேராத ஆட்டங்களை ஆடுகிறவர்களும் அதற்கு என்ன எழுதுகிறார்கள் என்று தனியாக எடுத்துப் பாருங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற உரிமையில். பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால் முதலில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். என்னையும் அப்படிக் கொண்டுபோனார்கள், அவர் இழுத்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதை நான் தடுக்க மாட்டேன். நேர்ந்துகொண்டு, அரசாங்கக் கிளினிக்குக்கும் போங்கள், ஒரு வெள்ளிதான். பயிற்சி கொடுத்தால் பிள்ளை தினமும் செய்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செய்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

என் மாணவி விடுமுறை முடியும் வரை தினமும் மாலை வீட்டுக்கு வந்தாள். தூணில் டியூபைக் கட்டினேன். நான் பிசியோ இல்லை. மருத்துவமனையில் அவளுக்குக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்ய வைத்தேன், எண்ணிக்கையை நான் எண்ணினேன், அவ்வளவுதான். முதல் நாள் அளந்தபோது இரண்டு தொடைக்கும் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். கல்லூரிக்குத் திரும்பும் நாளன்று இரண்டரை. டேப்பை அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரியில் அவளுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. அதற்குள் உங்களில் யாராவது அவளைக் கூப்பிட நினைத்தால், எண் உங்கள் கோப்பில் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாரத்தின் இரண்டாம் பக்கத்தில்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை
சுங்கை சிப்புட், பேராக்